மூன்றாம் ஓலை

மிக்கேலம்மாள் பொய் சொல்ல மாட்டாள். வேதக்காரன்கொட்டாயில் இதற்கு மேல் யாரும் யாரையும் புகழ்ந்ததில்லை. கோழி களவு போனாலும், வரப்புத் தகராறு வந்தாலும், எவன் மாடு எவன் கேழ்வரகை மேய்ந்தது என்று மண்டை உடையப் போனாலும் கடைசியில் "மிக்கேலம்மாளக் கேளு" என்றுதான் முடியும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொள்ளும். புளியமரங்களைக் குத்தகைக்கு விடுகிற தீர்த்தகிரிக் கவுண்டர் எங்கள் ஆட்களை அவ்வளவாக நம்பாதவர். அவரே "அந்த வேதக்காரப் பொம்பள வாயில பொய் வராதுடா" என்று தன் பண்ணையாட்களிடம் சொல்லுவார்.

பொய் சொல்லாமல் இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. இது எங்களில் சிலருக்குத் தெரியவே அறுபத்தெட்டாம் வருஷம் வரை ஆயிற்று. தெரிந்து ஒன்றும் ஆகிவிடவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கொட்டாய் என்பது பொம்மிடி ஸ்டேஷனுக்குக் கிழக்கே மூன்று மைல். நாற்பது வீடு, ஓடு போட்ட ஒரு மாதா கோயில், சுற்றிலும் மானாவாரிக் காடு. அந்த வருஷம் புளி நன்றாக இறங்கியிருந்தது. மிக்கேலம்மாளின் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் கவுண்டரிடம் பதினோரு மரம் எடுத்திருந்தான். காலைப் பனி விலகுவதற்குள் அவன் மரத்தில் ஏறி, கிளைமேல் நின்று உலுக்குவான். கீழே மிக்கேலம்மாளும், ஸ்தனிஸ்லாஸின் தங்கை லூர்து மேரியும் கூடையோடு பொறுக்குவார்கள். பத்து மணி வெயிலில் வாசலில் காயப்போட்டு, காய்ந்ததைத் தடியால் தட்டி ஓடு நீக்கி, நார் உரித்து, கல்லின்மேல் வைத்து இரும்பால் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். இரண்டு நாளில் விரல்நுனி வெளுத்து ஊறிவிடும். நகக்கண்ணில் ஒரு கீறல் இருந்தால் புளி பட்டு உயிர் போகும். அந்தக் கையால் களியைப் பிட்டால் களியும் புளிக்கும்.

லூர்து மேரிக்கு அப்போது இருபத்தேழு வயது. ஆறு வருஷமாக அவள் விதவை என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளும்தான்.

அவள் புருஷன் பெரியநாயகம் இதே கொட்டாய்க்காரன். அறுபத்தொன்றில் மழை பொய்த்தபோது மாது மேஸ்திரி முன்பணம் கொடுத்து சிக்மகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தான். லூர்து மேரி ஏழு மாதம். மாமியார் ராயம்மாளோடு அவள் தங்கிவிட, பெரியநாயகம் போனான். ஸ்தனிஸ்லாஸ் மாட்டையும் காட்டையும் பார்த்துக்கொள்ள நின்றான். அவனுக்குப் பதில் மிக்கேலம்மாள் போனாள். துணைக்குத் தன் கலியாணமாகாத தங்கை ரோசம்மாளையும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வரவழைத்துக் கூட்டிப்போனாள். தை மாதம் தோட்டத்தில் பேதி கண்டு மூன்று பேர் செத்ததாகச் சேதி வந்தது. யார் யார் என்று தெரியவில்லை. மாசி பிறந்து நாலாம் நாள் மிக்கேலம்மாள் மட்டும் தனியாக ரயிலை விட்டு இறங்கி, தலையில் மூட்டையோடு நடந்து வந்தாள்.

ராயம்மாள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். "எம்மவன் எங்கடி?" என்று கேட்டாள்.

"போயிட்டாங்க அத்த" என்றாள் மிக்கேலம்மாள்.

அவ்வளவுதான். ராயம்மாள் சாணிச்சட்டியைப் போட்டுவிட்டு விழுந்தாள். நாற்பது வீடும் கூடிவிட்டது. மிக்கேலம்மாளும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மறுநாள் கோயிலில் செத்தவனுக்குப் பூசை வைத்தார்கள். லூர்து மேரியின் தாலியைக் கழற்றினார்கள். அடுத்த மாதம் பிறந்த குழந்தை ஒன்பது நாள் இருந்தது. ராயம்மாள் இரண்டு வருஷம் இருந்தாள். அதன்பிறகு லூர்து மேரி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வருஷா வருஷம் ஐப்பசியில் ஆத்துமாக்கள் திருநாளன்று கல்லறைத் தோட்டத்தில் குழந்தையின் குழிக்குப் பக்கத்திலேயே ஒரு மண்மேடு கூட்டி, அதுதான் அவன் என்று நினைத்து மெழுகுவத்தி கொளுத்துவாள்.

சவுரியப்பன் வந்தது அறுபத்தெட்டு பொங்கலுக்குப் பிறகு. பொம்மிடி ரயில்வேயில் கேங்மேன். மனைவி இறந்து மூன்று வருஷம். ஏழு வயதில் ஒரு பெண். அந்தப் பிள்ளை தலையில் சீப்பு வைக்க யாரையும் விடாது, சிக்குப் பிடித்துக் கிடக்கும். பெண் பார்க்க வந்தவன் புளி மூட்டைமேல் உட்கார்ந்து, ஸ்தனிஸ்லாஸிடம் பேசாமல் லூர்து மேரியிடமே கேட்டான்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். இந்தப் புள்ளய அடிக்காம வெச்சிக்குவியா?"

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். பிள்ளையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, எண்ணெய் தொட்டு, அரைமணி நேரம் சிக்கெடுத்தாள். பிள்ளை அழவில்லை. கிளம்பும்போது "நாளைக்கும் வாரிவுடுவீங்களா?" என்று கேட்டது. அன்று லூர்து மேரி இரண்டு உருண்டை களி தின்றாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படித் தின்று யாரும் பார்த்ததில்லை. அடுத்த நாள் மண்டிக்குப் போன அண்ணனிடம் சிவப்பு ரிப்பன் ஒரு கஜம் வாங்கிவரச் சொன்னாள்.

சாம்பல் புதன் வந்துவிட்டால் நாற்பது நாள் கலியாணம் கிடையாது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் மெய்விவாகம் நடக்க இருக்கிறது, இதற்கு விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லிவிட வேண்டும், மறைப்பது பாவம் என்று கோயில் சாமியார் பீடத்திலிருந்து வாசிப்பார். முதல் ஓலை ஆயிற்று. இரண்டாம் ஓலையும் ஆயிற்று. அன்று பூசை முடிந்ததும் சாமியார் ஸ்தனிஸ்லாஸைக் கூப்பிட்டார். தென்னாற்காட்டுக்காரர், வயதானவர், புத்தகத்தில் எழுதாத எதையும் நம்பாதவர்.

"சாவுப் புத்தகத்துல பெரியநாயகம் பேரு இல்லையேப்பா. பூசை வெச்சது இருக்கு, அடக்கம் பண்ணது இல்ல. யாரு பாத்தது அவன் செத்தத?"

"எங்கூட்டுக்காரிதாங்க சாமி. அவதான் வந்து சொன்னது."

"மிக்கேலம்மாளா? அப்பக் கவலையில்ல. சனிக்கிழமை வந்து வேதபுஸ்தகத்துல கை வெச்சு ஒரு வார்த்த சொல்லட்டும், எழுதிக்கிறேன். மூணாம் ஓலைய ஞாயித்துக்கிழமை வாசிச்சிடலாம்."

ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மிக்கேலம்மாள் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இரும்பு கட்டைவிரலில் விழுந்தது. ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அன்றும் சாப்பிடவில்லை, அடுத்த இரண்டு நாளும் சாப்பிடவில்லை. கேட்டால் வாய் கசக்கிறது என்றாள்.

புதன்கிழமை ஸ்தனிஸ்லாஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனான். வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாத்தியும் அண்ணியும் எதிரெதிரே கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணி, சாமியாரு கூப்ட்டதுல இருந்துதான் உங்களுக்கு வாய் கசக்குது" என்றாள் லூர்து மேரி.

"வேதத்துல கை வெக்கறதுன்னா சும்மாவா? பயமா இருக்காதா?"

"போன வருசம் செல்லம்மா கெணத்துத் தகராறுல வெச்சீங்களே. அப்ப பயப்படல."

"அது வேற."

"இன்னா வேற?"

மிக்கேலம்மாள் நாலு பழம் தட்டினாள். லூர்து மேரி தன் இரும்பைக் கீழே வைத்தாள்.

"நேரா கேக்கறன் அண்ணி. அவரு செத்துதான போனாரு?"

"நான் அன்னைக்கு வந்து சொன்னதக் கேட்டதான நீ?"

"நான் எங்க கேட்டன்? காலு வீங்கி உள்ள படுத்திருந்தன். மாமியா கத்துனதுதான் கேட்டுது. நீங்க இன்னா சொன்னீங்க?"

"போயிட்டாங்கன்னு சொன்னன்."

"செத்துட்டாங்கன்னு சொல்லலியா?"

"இல்ல."

"பேதியில போனாருன்னாங்களே."

"அத நான் சொல்லல. பக்கத்து வீட்டுக் குள்ளம்மாதான் பேதியா, பேதியான்னு என்னைப் புடிச்சி உலுக்குனா. நான் வாயே தொறக்கல."

"எங்க பொதச்சாங்கன்னு கேட்டப்ப?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னன். நெசமா எனக்குத் தெரியாது."

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளையும் 'போயிட்டாங்க' என்போம், ஒன்பது ஆளையும் 'போயிட்டாங்க' என்போம். மரியாதைக்கும் அதே 'ங்க', கூட்டத்துக்கும் அதே 'ங்க'. செத்தவரையும் அப்படித்தான் சொல்லுவோம், சந்தைக்குப் போனவரையும் அப்படித்தான். நாத்தியின் புருஷனை ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள், அவன் செத்துவிட்டான் என்று அத்தனை பேரும் எடுத்துக்கொண்டோம். அந்த 'ங்க' எத்தனை பேர் என்று ஆறு வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. லூர்து மேரிதான் முதலில் கேட்டாள்.

"ஒருத்தரா அண்ணி, ரெண்டு பேரா?"

மிக்கேலம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. "ரெண்டு பேரு."

"ரெண்டாவது யாரு?"

"ரோசம்மா."

ரோசம்மாள் எங்கே என்று அந்த நாளில் கேட்டவர்களுக்கெல்லாம் மிக்கேலம்மாள் "அங்கயே தங்கிட்டா" என்று சொல்லியிருந்தாள். அதுவும் பொய்யில்லை.

லூர்து மேரி அழவில்லை. தட்டி வைத்திருந்த கொட்டைகளைக் கூடையில் அள்ளிப் போட்டாள். பிறகு, "இப்ப உசுரோட இருக்காரா?" என்று கேட்டாள்.

"போன ஐப்பசில மாது மேஸ்திரி சிக்மகளூர்ப் பக்கம் மூடிகெரெகிட்ட அவரப் பாத்தானாம். எங்கிட்ட மட்டும் சொன்னான். வேற யாருகிட்டயும் சொல்லாதன்னு கையெடுத்துக் கும்புட்டன். ரெண்டு புள்ளைங்களாம்."

"பேரு இன்னான்னு சொன்னானா?"

"நான் கேக்கல."

"கேட்டிருக்கலாம்."

மிக்கேலம்மாள் அழ ஆரம்பித்தாள். "வரும்போது எல்லாத்தயும் சொல்லிடணும்னுதான் லூர்து வந்தன். மூட்டைய எறக்கறதுக்குள்ள ஒம் மாமியா வுழுந்துட்டா. பொம்பளைங்க மாரடிக்கறாங்க. இல்லத்தே, சாகல, எந் தங்கச்சிய இட்டுகினு ஓடிட்டான்னு அந்த எடத்துல எப்படிச் சொல்லுவன்? எங்கம்மா நாண்டுகினு செத்துருப்பா. நாளைக்குச் சொல்லலாம்னு பாத்தன். மறுநாளு பூசை வெச்சிட்டாங்க. அப்பறம் உனக்கு வலி வந்துது. எப்பச் சொல்லுவன்? அதுவுமில்லாம நல்லா யோசிச்சிப் பாரு. புருசன் செத்தவன்னா ஊரு இரக்கப்படும். புருசன் வுட்டுட்டுப் போனவன்னா காறித் துப்பும். ஒனக்கு நல்லதுன்னுதான் வாய மூடிகினன். ஒரு பொய்யும் நான் சொல்லல. ஆண்டவருக்குத் தெரியும்."

"ஆமா அண்ணி, நீங்க சொல்லல. எங்களச் சொல்ல வெச்சீங்க. ஆறு வருசமா வெறும் மண்ணுக்கு நான் மெழுவத்தி கொளுத்திகினு இருந்தன். நீங்களும் பக்கத்துல முட்டி போட்டு செபம் சொன்னீங்க."

மிக்கேலம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் மண்டியிலிருந்து வந்ததும் லூர்து மேரி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மனைவியை அடிக்கக் கை ஓங்கினான், அடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பிறகு அவன் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பு என்று தள்ள முடியாது. கெட்டவன் பேச்சென்றால் தள்ளிவிடலாம். தங்கைமேல் உயிரை வைத்திருக்கிறவன் பேசினான், அதுதான் கஷ்டம்.

"இங்க பாரு லூர்து. அவன் அங்க பொண்டாட்டி புள்ளன்னு நல்லாக் கீறான். எந்தச் சாமியாரும் அவனப் போயிக் கேக்கல. நீ மட்டும் எதுக்கும்மா சாவணும்? மிக்கேலா சாமியாருகிட்ட ஒரு வார்த்த சொல்லட்டும். அடுத்த புதன்கெழம சாம்பலு. அதுக்குள்ள தாலி ஏறிடும்."

"தெரிஞ்சா கலியாணம் செல்லாதுண்ணா."

"யாருக்குத் தெரியும்? நம்ம மூணு பேரு, அந்த மாது. அவன் இந்து, அவன எவன் கேக்கப் போறான்?"

"சவுரியப்பனுக்கு?"

"அவனுக்கு எதுக்குச் சொல்லணும்? நீ அவன நல்லா வெச்சிக்கப் போற. அதவிட இன்னா வேணும் அவனுக்கு?"

லூர்து மேரி வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் ஊர் வேறு விதமாகப் பேசியது. அவளுக்கு அந்தக் கலியாணம் வேண்டும். சவுரியப்பனின் காக்கிச் சட்டையும், தண்டவாளக் கட்டைத் தார் வாசமும், அந்தப் பிள்ளையின் சிக்குத் தலையும் வேண்டும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் புளி தட்டினாள், கீரை கடைந்தாள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள், ஒரு பேச்சும் பேசவில்லை. கலியாணச் சேலையை எடுத்து ஒருமுறை மடித்து வைத்தாள். ஸ்தனிஸ்லாஸ் அதைப் பார்த்துவிட்டு, சரி, ஒத்துக்கொண்டாள் என்று நிம்மதியாக மரமேறப் போனான்.

சனிக்கிழமை காலை நாத்தியும் அண்ணியும் கோயிலுக்கு நடந்தார்கள். பாதி வழியில் மிக்கேலம்மாள் சொன்னாள்: "லூர்து, நான் யோசிச்சிட்டன். பொய் சொல்லப் போறதில்ல. அன்னைக்குச் சொன்ன அதே வார்த்தையத்தான் சொல்லப் போறன். அவரு எப்படி எடுத்துக்குவாரோ அது அவரு பாடு. யாருக்கும் பாவமில்ல."

லூர்து மேரி கூட நடந்தாள்.

சாமியார் பங்களாவில் மேஜைமேல் சிவப்பு ஓரம் போட்ட பெரிய வேதபுஸ்தகம் இருந்தது. மிக்கேலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதன்மேல் வைத்தாள். சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் தொட்டார்.

"ஆண்டவர் பேரால உள்ளதச் சொல்லுமா. பெரியநாயகம் இன்னா ஆனாரு?"

"போயிட்டாங்க சாமி."

"எப்ப?"

"அறுவத்தி ரெண்டு தையிலங்க."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியுங்க சாமி. நான் அந்தத் தோட்டத்துலதான இருந்தன். எங்கிட்ட சொல்லிட்டுதான்..." என்று ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். அந்த அழுகையும் நிஜந்தான். சாமியாருக்கு மனசு இளகிவிட்டது.

"சரி சரி, அழாத. கடைசி நேரத்துல கிட்ட இருந்திருக்க. போதும்." அவர் எழுதினார். எழுதினதைத் தன் வழக்கப்படி உரக்கப் படித்தார். பெரியநாயகம் என்பவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு சனவரியில் மரணமடைந்தார் என்று மிக்கேலம்மாள் சத்தியம் செய்கிறாள். மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். "பெருவிரல வெச்சிடு."

ஒருவரும் பொய் சொல்லவில்லை. சாமியார் கேட்டதை எழுதினார். மிக்கேலம்மாள் உள்ளதைச் சொன்னாள். லூர்து மேரி வாயைத் திறக்கவே இல்லை. இப்படியே எழுந்து வெளியே போனால் நாளைக்கு மூன்றாம் ஓலை, செவ்வாய்க்கிழமை தாலி. மிக்கேலம்மாளின் காயம்பட்ட கட்டைவிரல் மையில் பட்டுவிட்டது. அவள் முகத்தில் ஒரு தெளிவுகூட வந்துவிட்டது.

"சாமி, எழுதுனத அடிச்சிடுங்க" என்றாள் லூர்து மேரி.

சாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு சாகல. ஓடிப் போயிட்டாங்க. அவரும் அண்ணி தங்கச்சி ரோசம்மாவும். மூடிகெரெகிட்ட இருக்காங்க, ரெண்டு புள்ளைங்க இருக்குது. அண்ணி போயிட்டாங்கன்னுதான் சொன்னாங்க, செத்துட்டாங்கன்னு சொல்லல. நீங்களா எழுதிகினீங்க."

சாமியார் பேனாவை மூடினார். "உண்மையா?" என்று மிக்கேலம்மாளைக் கேட்டார்.

"நான் செத்தாருன்னு சொல்லலீங்களே சாமி" என்றாள் அவள்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். காகிதத்தைக் கிழித்து நான்காக மடித்தார். கடைசியில் லூர்து மேரியைப் பார்த்துச் சொன்னார்: "பெரிய காரியம் பண்ணிட்டம்மா. ஆத்துமத்தக் காப்பாத்திக்கிட்ட. ஆனா அந்த ஆள் உயிரோட இருக்கிற வரைக்கும் நீ அவன் மனைவி. ஓலைய நிறுத்தித்தான் ஆகணும். இன்னொண்ணு. இத ஊர்ல பேசிக்க வேணாம். சுத்தி இந்துக்காரங்க இருக்காங்க. கெட்ட பேரு, துர்மாதிரியாப் போயிடும். மாப்பிள்ளைகிட்ட மட்டும் நான் சொல்லிக்கிறேன்."

வேதபுஸ்தகத்தின்மேல் கை வைத்து உண்மையைக் கேட்டவர், அது கைக்கு வந்ததும் மூடி வைக்கச் சொன்னார். அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது? அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. கோயில் வாசலிலேயே கதை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மூத்தாள் பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்றாளாம். இல்லையில்லை, உடம்பில் ஏதோ கோளாறாம். குள்ளம்மாள் நேராகவே வந்து கேட்டாள்.

"ஏ லூர்து, இன்னாத்துக்கு நின்னுபோச்சி?"

"எம் புருசன் உசுரோட இருக்கறாரு" என்றாள் லூர்து மேரி.

"செத்தவரா?"

"அவரு சாகவே இல்ல."

குள்ளம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள். கேட்ட எல்லாரிடமும் லூர்து மேரி அதையேதான் சொன்னாள். அநேகமாக ஒருத்தரும் நம்பவில்லை. ஏனென்றால் அவன் செத்துவிட்டான் என்று சொன்னவள் மிக்கேலம்மாள், அவள் பொய் சொல்ல மாட்டாள். மிக்கேலம்மாளிடமே போய், "இன்னா ஒன் நாத்தி இப்படிப் பேசுது?" என்று கேட்டார்கள். "பாவம், அதுவும் எத்தினிதான் தாங்கும்" என்றாள் அவள். அதுவும் உண்மைதான். லூர்துவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. அந்த வாரமே இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு ஆட்டுக்குட்டிக்காக அடித்துக்கொண்டு மிக்கேலம்மாளிடம் நியாயம் கேட்க வந்தார்கள். அவள் வெளியே வந்து சொன்னாள், அவர்கள் கேட்டுக்கொண்டு போனார்கள். ஸ்தனிஸ்லாஸ் தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் களியை அவன் முன்னால் வைக்கும்போதுகூட வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பான்.

சவுரியப்பன் சாம்பல் புதனன்று வந்தான். நெற்றியில் சாம்பல் அழியாமல் இருந்தது. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்தவன், உட்காரச் சொல்ல யாரும் இல்லாததால் நின்றான். லூர்து மேரி தனியாகக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாமியாரு சொன்னாரு" என்றான்.

"சொல்றன்னாரு."

"ஊர்ல உனக்குப் பைத்தியம்னு சொல்றாங்க. நான் நம்பல."

"நீங்க ஒருத்தராச்சும் நம்பாம இருங்க."

அவன் காலடியில் கிடந்த ஓடுகளைச் செருப்பால் தள்ளினான்.

"நீ பேசாம இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நான் நல்லாத்தான் இருந்திருப்பன்."

"இருந்திருப்பீங்க."

"எம் புள்ளயும் நல்லா இருந்திருக்கும். நேத்துகூடக் கேக்குது, அவங்க எப்ப வருவாங்கன்னு. நான் இன்னா சொல்றது?"

"உள்ளதச் சொல்லுங்க."

"ஏழு வயசுப் புள்ளகிட்ட இன்னாத்த உள்ளதச் சொல்றது?" அவன் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கு என்னைப் புடிக்கலியா? அதுக்கோசரம் சொன்னியா?"

லூர்து மேரி இரும்பைக் கீழே வைத்தாள். ஊறிப்போன விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முதல்தடவையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரொம்பப் புடிச்சிதுங்க. அதான் சொன்னன். நீங்க தெரியாம வாழ்ந்திருப்பீங்க. நான் தெரிஞ்சிகினே உங்க எதுர உக்காந்து தெனமும் சோறு போடணும். எங்கண்ணி ஆறு வருசம் எனக்குப் போட்ட மாதிரி. அந்தச் சோத்த உங்களுக்குப் போட எனக்கு மனசு வரல."